புடிக்கிறது பெருசில்லீங்க தம்பி, விடணும்

எட்டு ரிலேயும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டன. எட்டு சிவப்பு எல்.ஈ.டி.யும் வரிசையாக எரிந்தன. லேப்டாப்பிலிருந்து நான் அனுப்பியிருந்தது, எல்லாவற்றையும் ஆஃப் செய் என்ற கட்டளை.

இடம் காங்கேயம் பக்கம் ஒரு கொப்பரைக் களம். வெயில் காலத்தில் தேங்காயை உடைத்துக் களத்தில் பரப்பினால் போதும், சூரியன் பார்த்துக்கொள்ளும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பருப்பில் பூஞ்சை ஓடிவிடும். அதற்காக ஒரு சூடுகாற்று டிரையர் வைத்திருந்தார்கள். ஒரு புளோயர், மூன்று ஹீட்டர் பேங்க், ஈரக்காற்றை வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ராத்திரி முழுக்க ஒரு ஆள் உட்கார்ந்து ஸ்விட்ச் போட்டுக்கொண்டிருந்ததை, சூட்டையும் காற்றின் ஈரத்தையும் பார்த்துத் தானாக ஓடும்படி மாற்றித் தரவேண்டும் என்று வந்த வேலை. கொப்பரையின் ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பூஞ்சை, ரொம்பக் கீழே போனால் எடை நஷ்டம்.

நான் கையோடு கொண்டுபோனது ஒரு ஆர்டுயினோ நானோ, ஒரு 24 வோல்ட் எட்டு சானல் ரிலே மாட்யூல். பேனலில் ஏற்கெனவே 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். இருந்தது. டின் ரெயிலில் மாட்யூல் அழகாக உட்கார்ந்துவிட்டது. நானோவின் பின்னிலிருந்து மாட்யூலின் 'இன்' டெர்மினலுக்கு ஒயர், கிரவுண்டும் கிரவுண்டும் ஒன்று. வீட்டில் 5 வோல்ட் நீல மாட்யூலில் நூறு தடவை செய்தது. இங்கே என்ன மாறிவிடப் போகிறது?

பழைய பேனலை ஒயரிங் செய்த அண்ணன் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷமாகப் பேனல் கட்டுகிறவர். ப்ரோகிராம் தெரியாது. ஆனால் ஒரு கான்டாக்டர் இழுக்கிற சத்தத்தை வைத்தே காயிலுக்கு வோல்டேஜ் குறைவாக வருகிறது என்று சொல்லிவிடுவார். எட்டு விளக்கையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"புடிக்கிறது பெருசில்லீங்க தம்பி. விடணும்."

எனக்கு எரிச்சல். கோடிங் தப்பாக இருக்கும், இருங்கண்ணா என்று யூ.எஸ்.பி. கேபிளைப் பிடுங்கினேன். நானோவுக்கு வேறு சப்ளை கிடையாது. அப்படியும் அதன் பவர் எல்.ஈ.டி. எரிந்துகொண்டே இருந்தது. ப்ரோகிராமும் ஓடியது, 13-ஆம் பின் விளக்கு சாவகாசமாக மின்னிக்கொண்டிருந்தது. அண்ணன் கேபிளைப் பார்த்தார், நானோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பெரிய அவமானம்.

மாட்யூலைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோது கதை புரிந்தது. 24 வோல்ட்டிலிருந்து ஒரு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர். அதற்கடுத்து ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் எல்.ஈ.டி. அதற்கடுத்து நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி. கடைசியில் இன் டெர்மினல். இன்னைக் கிரவுண்டில் தொட வைத்தால் கரன்ட் ஓடும், ரிலே பிடிக்கும். கடையில் 'லோ லெவல் டிரிகர்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஆப்டோ எல்.ஈ.டி. 1.2 வோல்ட்டும் சிவப்பு எல்.ஈ.டி. 2 வோல்ட்டும் எடுத்துக்கொள்ளும். பின்னை லோ ஆக்கினால் ரெசிஸ்டர் மேல் மிச்சம் 20.8 வோல்ட், அதாவது 4.4 மில்லியாம்பியர். பின்னை ஹை ஆக்கினால் நானோ கொடுப்பது 5 வோல்ட். ரெசிஸ்டர் மேல் இன்னும் 15.8 வோல்ட் இருக்கிறது, 3.4 மில்லியாம்பியர் ஓடுகிறது. 4.4-க்கும் 3.4-க்கும் ஆப்டோகப்ளருக்கு என்ன வித்தியாசம் தெரியும்? இரண்டுமே அதற்கு ஆன்தான். என் கண்ணில் 5 வோல்ட் என்பது 'ஹை'. 24 வோல்ட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது கிரவுண்டுக்குப் பக்கத்து வீடு.

யூ.எஸ்.பி. இல்லாமல் நானோ ஓடியதற்கும் இதே கரன்ட்தான் காரணம். ஏடிமெகா328பி சிப்பில் ஒவ்வொரு பின்னிலிருந்தும் சப்ளை லைனுக்கு ஒரு பாதுகாப்பு டயோடு உண்டு. எட்டு சானலும் தலைக்கு 3.4 மில்லியாம்பியர் வீதம் அந்த டயோடு வழியாக உள்ளே புகுந்து, மொத்தம் 27 மில்லியாம்பியருக்கு மேல் சப்ளை லைனில் சேர்ந்துவிட்டது. நானோவுக்கு அது போதும். முன்வாசலைப் பூட்டிவிட்டேன், எட்டு ஜன்னலும் திறந்து கிடந்தன. அந்த டயோடுகளில் 1 மில்லியாம்பியருக்கு மேல் ஓடவிட வேண்டாம் என்று ஆட்மெல் தன் ஏ.வி.ஆர். குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது. நான் மூன்று மடங்குக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். அந்த நானோவில் இரண்டு பின்கள் பிறகு ஒழுங்காக வேலை செய்யவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த ரிலே மாட்யூல் கைக்கு வந்தாலும், முதலில் அதற்கு மட்டும் சப்ளை கொடுத்து, எதையும் இணைக்காத இன் டெர்மினலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைப்பேன். மைக்ரோகன்ட்ரோலரின் வோல்டேஜைவிட அதிகமாகக் காட்டினால் நேரடி ஒயருக்கு இடமில்லை. அந்தக் களத்து மாட்யூலில் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பத்து விநாடி வேலை. அதைச் செய்யாமல் விட்டதற்குக் கோயம்புத்தூருக்கும் காங்கேயத்துக்கும் இரண்டு தடவை பஸ்.

வீட்டு நீல மாட்யூல் மட்டும் ஏன் சரியாக வேலை செய்தது என்று கேட்கலாம். அங்கே விசிசியும் 5 வோல்ட், பின்னின் ஹையும் 5 வோல்ட், நடுவில் வித்தியாசமே இல்லை, அதனால் ஆஃப். 3.3 வோல்ட் பலகையோடு சேர்த்தாலும் மிச்சம் 1.7 வோல்ட்தான். இரண்டு எல்.ஈ.டி. சேர்ந்து எரிய அது போதாது என்பதால் தப்பித்துவிடுகிறோம். தப்பித்தோம் என்றுதான் சொல்வேன், டிசைன் என்று சொல்ல மாட்டேன். அந்த மாட்யூலின் ஓரத்தில் ஜேடி-விசிசி என்று ஒரு ஜம்பர் இருக்கும். அதை எடுத்துவிட்டு ரிலே காயிலுக்குத் தனி சப்ளை, தனி கிரவுண்டு கொடுத்தால்தான் ஆப்டோகப்ளருக்கே அர்த்தம். ஜம்பரை வைத்துக்கொண்டே 'ஐசோலேட்டட் மாட்யூல் போட்டிருக்கேன்' என்று சொல்கிறவர்கள் அதிகம். நானும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் யூஎல்என்2803 வாங்கிக்கொண்டு போனேன். எட்டு சானல் டார்லிங்டன் அரே, 50 வோல்ட் தாங்கும், ஒரு சானலுக்கு 500 மில்லியாம்பியர் வரை இழுக்கும். பின் ஹை ஆனால் இது இன்னைக் கிரவுண்டுக்கு இழுக்கும். பின் லோ ஆனால் கையை விட்டுவிடும், இன் எத்தனை வோல்ட்டில் மிதந்தாலும் கன்ட்ரோலருக்குத் தெரியாது. இன்னொரு லாபம், லாஜிக் நேராகிவிடுகிறது. ரீசெட் ஆகும் நேரத்தில் கன்ட்ரோலரின் பின்கள் அந்தரத்தில் தொங்கும். அப்போது யூஎல்என் தூங்கும், ரிலேயும் தூங்கும். நான் கூடுதலாக ஒவ்வொரு இன்புட்டுக்கும் 10 கிலோஓம் புல்-டவுன் வைப்பேன். பயந்தாங்கொள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சப்ளை போட்டேன். எட்டு விளக்கும் எரிந்தன.

அண்ணன் டார்ச்சை அணைத்துவிட்டு, "நான் டீ சொல்லிட்டு வர்றனுங்" என்று கிளம்பிவிட்டார்.

இந்தத் தடவை தப்பு பத்தாவது பின்னில். அந்தச் சிப்புக்குப் பதினெட்டுக் கால். ஒன்பதாவது கிரவுண்டு. எதிரே பத்தாவதில் 'காமன்' என்று இருக்கும். கிரவுண்டுக்கு எதிர்ப்பக்கம் இருப்பது சப்ளை பின்தானே என்று டேட்டாஷீட் பார்க்காமல் 5 வோல்ட்டைக் கொடுத்துவிட்டேன். உண்மையில் இந்தச் சிப்புக்குச் சப்ளை பின்னே கிடையாது. பத்தாவது கால், எட்டு அவுட்புட்டிலிருந்தும் வரும் எட்டு டயோடுகள் கூடும் இடம். காயிலை நேரடியாக ஓட்டும்போது அது காயிலின் பாசிட்டிவுக்குப் போகவேண்டும், இங்கே 24 வோல்ட்டுக்கு. நான் 5 வோல்ட்டில் கட்டியதால் இன்னிலிருந்து டயோடு வழியாக அந்த 5 வோல்ட் லைனுக்கு அதே மூன்று சொச்சம் மில்லியாம்பியர் மறுபடி ஓடியது. போன வாரம் நானோவுக்குள் புகுந்த கரன்ட், இந்த வாரம் அடுத்த தெரு வழியாக அதே வீட்டுக்கு வந்துவிட்டது. ஒயரை 24 வோல்ட்டுக்கு மாற்றினேன். எட்டும் அணைந்தன. டீயோடு வந்த அண்ணன் இருட்டுப் பேனலைப் பார்த்து, "போச்சுங்களா?" என்றார்.

ரிலே என்ற பொருளின் குணமே இப்படித்தான். அதன் டேட்டாஷீட்டில் இரண்டு எண்களை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சாக்கெட்டில் செருகுகிற ஓம்ரான் எம்.ஒய். ரகம் 24 வோல்ட் ரிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். காயில் ஏறக்குறைய 36 மில்லியாம்பியர் குடிக்கும். பிடிப்பதற்கு அதிகபட்சம் 80 சதவீதம் வோல்டேஜ் போதும், அதாவது 19.2 வோல்ட்டில் கட்டாயம் பிடித்துவிடும். விடுவதற்கு? 10 சதவீதம். 2.4 வோல்ட்டுக்கு இறங்கினால்தான் கட்டாயம் விடும் என்று கம்பெனி கையெழுத்துப் போடுகிறது. நடுவில் இருக்கும் பதினாறு பதினேழு வோல்ட்டில் அது எப்போது விடும் என்பதற்கு யாரும் ஜவாப்தாரி இல்லை. ஆர்மேச்சர் ஒட்டியபின் காற்று இடைவெளி மூடிவிடுகிறது, காந்தப் பாதை சுலபமாகிவிடுகிறது. கொஞ்சம் கரன்ட் எங்கிருந்தாவது கசிந்தால் போதும், பிடித்த பிடி நிற்கும். 6.2 மில்லிமீட்டர் அகலத்தில் பிஸ்கட் மாதிரி வரும் ஒல்லி ரிலேக்களில் காயில் கரன்ட் 10 மில்லியாம்பியர் அளவுதான், அங்கே கசிவுக்கு இன்னும் மரியாதை அதிகம்.

ஹூட்டர் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலாரத்துக்குத் தனியாக ஒரு ரிலே தேவைப்பட்டது. ஒரே ஒரு சின்ன 24 வோல்ட் ரிலேதானே என்று ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர், பேஸுக்கு 1 கிலோஓம், அவ்வளவுதான். காயிலுக்குக் குறுக்கே போடவேண்டிய 1என்4007 டயோடு சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. டிரான்சிஸ்டர் கட் ஆகும் கணத்தில் காயில் தன் கரன்டை நிறுத்த மறுத்து, வோல்டேஜை நூற்றுக்கணக்கில் தூக்கி எறியும். பி.சி.547 தாங்குவது 45. முதல் நாள் வேலை செய்தது. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் ராத்திரி டிரான்சிஸ்டர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, ஹூட்டர் விடிய விடியக் கத்தியிருக்கிறது. வாட்ச்மேன் கடைசியில் ஹூட்டருக்குள் கோணிச் சாக்கைத் திணித்துவிட்டுப் படுத்திருக்கிறார். டிரான்சிஸ்டர் செத்தால் வேலை நின்றுபோகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பாதிக்குப் பாதி அது ஆனிலேயே சாகும்.

(டயோடு போட்டால் ரிலே விடுவதற்கு முன்னைவிட நேரம் எடுக்கும், கான்டாக்ட் மெதுவாகத் திறக்கும், பொறி அதிகம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். உண்மைதான். அவசரம் இருக்கும் இடத்தில் டயோடோடு சீரியஸில் ஒரு 24 வோல்ட் ஜீனரைப் போடுங்கள், ஆனால் அப்போது டிரான்சிஸ்டர் 50 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக இருக்கவேண்டும். ஹூட்டருக்கெல்லாம் வெறும் டயோடு போதும்.)

உங்கள் மாட்யூல் இதற்கு நேர் எதிரான ஜாதியாகவும் இருக்கலாம், இன்னுக்கு 24 வோல்ட் கொடுத்தால் பிடிக்கும் ரகம். பி.என்.பி. என்பார்கள், சோர்ஸ் என்பார்கள். ஐரோப்பிய பி.எல்.சி.க்களோடு பழகிய பேனல்களில் அதுதான் வழக்கம். அங்கே யூஎல்என் உதவாது, மேலிருந்து தள்ளும் டிரைவர் வேண்டும். டிபிடி62783 இருக்கிறது. பழைய ஆட்கள் யூடிஎன்2981 என்பார்கள். எது என்று தெரியாவிட்டால் மறுபடி அதே மல்டிமீட்டர்தான்: சும்மா விட்ட இன்னில் வோல்டேஜ் நின்றால் கீழே இழுக்கவேண்டிய ரகம், ஒன்றும் இல்லாவிட்டால் மேலே தள்ளவேண்டிய ரகம்.

இதற்குள் ஓனரின் பையன் போனில் பார்க்கணும் என்று ஆரம்பித்தான். நானோ போய் இஎஸ்பி32 வந்தது. அதில் பின்களைத் தேர்ந்தெடுப்பது கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பது மாதிரி. 0, 2, 5, 12, 15 ஆகியவற்றைச் சிப் கண்விழிக்கும்போதே படித்து எப்படி எழுந்திருப்பது என்று முடிவுசெய்கிறது. 12-ஐ வெளியிலிருந்து ஏதாவது ஒன்று ஹையில் பிடித்திருந்தால் பல பலகைகள் எழுந்திருக்கவே செய்யாது. 1-ஆவது பின் சீரியல் அவுட்புட், பூட் ஆகும்போது சுயபுராணம் பாடும். அதில் ரிலேயைக் கட்டினால் டகடகவென்று தாளம் போடும். 34 முதல் 39 வரை இன்புட் மட்டும், அவுட்புட் கேட்டால் வராது. நான் 25, 26, 27, 32, 33 என்று எடுத்துக்கொண்டேன். ஐந்து லோடு, ஐந்து பின்.

மேசையில் ஒரு வாரம் பிசகில்லாமல் ஓடியது. பேனலில் மாட்டினதும் புது நோய். ஹீட்டர் கான்டாக்டர் விடும்போதெல்லாம் இஎஸ்பி ரீசெட் ஆனது. பிடிக்கும்போது ஆகவில்லை, கவனியுங்கள். கான்டாக்டர் காயில் 230 வோல்ட் ஏ.சி. அதன் கரன்டை ரிலே கான்டாக்ட் துண்டிக்கும்போது கிளம்பும் ஸ்பைக், பக்கத்தில் ஒரே டக்ட்டில் படுத்திருந்த 24 வோல்ட் ஒயர்களில் ஏறிவிட்டது. ஏ.சி. கன்ட்ரோலுக்குச் சிவப்பு, டி.சி. கன்ட்ரோலுக்கு நீலம் என்று ஐ.இ.சி. 60204 சொல்கிற நிறம் எல்லாம் அண்ணன் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார். நான்தான் அவசரத்தில் நீலத்தைச் சிவப்போடு ஒரே கேபிள் டையில் கட்டியிருந்தேன். பிரித்துப் போட்டதும் பாதி குறைந்தது. மிச்சப் பாதிக்கு ஆர்.சி. ஸ்னப்பர்: 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரும். ஐந்து ரிலே கான்டாக்டுக்கும் குறுக்கே ஒவ்வொன்று. ரீசெட் போயே போச்சு.

நான் பையைக் கட்டினேன். அண்ணன் விடவில்லை. "ஒரு தடவ எல்லாத்தையும் போட்டு, இந்த பிளேட்டப் புடுங்குங்க" என்றார். பிளேட் என்பது அவர் பாஷையில் கன்ட்ரோலர் போர்டு. ஐந்தும் ஓடிக்கொண்டிருக்கும்போது போர்டின் சப்ளை கனெக்டரை உருவினேன். டக், டக், டக், டக்.

"நாலுதானுங் கேட்டுச்சு."

எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. போய்ப் பார்த்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. மற்ற நாலும் கான்டாக்டர், ஆனால் சின்ன ஃபேன் என்பதால் பழைய பேனலில் அதற்கு ஒரு 230 வோல்ட் ஏ.சி. காயில் சாக்கெட் ரிலே போட்டிருந்தார்கள், அதை அப்படியே விட்டிருந்தேன். என் ஸ்னப்பர் கான்டாக்டுக்குக் குறுக்கே இருப்பதால், கான்டாக்ட் திறந்தபிறகும் கெபாசிட்டர் வழியாக ஏ.சி. போகும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 0.1 மைக்ரோஃபாரட் என்றால் 7 மில்லியாம்பியர் வரை விடும். கான்டாக்டர் காயில் பிடித்து நிற்கவே 30 மில்லியாம்பியர் கேட்கும், 7-ஐ மதிக்காது. இந்தக் குட்டி ரிலேக்கோ முழுச் சாப்பாடே 5 மில்லியாம்பியர்தான். எப்படி விடும்?

ஸ்னப்பர்களை எல்லாம் கான்டாக்டிலிருந்து எடுத்து, கான்டாக்டரின் ஏ1-ஏ2 குறுக்கே, காயில் மேலேயே மாட்டினேன். அங்கே கான்டாக்ட் திறந்தால் கசிய வழியில்லை. சத்தம் பிறக்கும் இடத்திலேயே அடங்கவும் செய்கிறது. முதலிலேயே அங்கே போட்டிருக்க வேண்டும்.

அண்ணன் அதோடும் விடவில்லை. "ஹீட்டரு செவசெவன்னு இருக்கறப்ப புளோயரும் சேர்ந்து நின்னா அந்தச் சூடு எங்கீங் போகும்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. ஆஃப் என்றால் எல்லாம் ஆஃப் என்றே கணக்கு வைத்திருந்தேன். ஹீட்டர் உடனே விடவேண்டும், புளோயர் கொஞ்சம் நேரம் கழித்து விடவேண்டும். கன்ட்ரோலர் உயிரோடு இருந்தால் ப்ரோகிராமில் நாலு வரி. செத்துப்போனால்? அதனால் புளோயருக்கு ஒரு ஆஃப் டிலே டைமர், மூன்று நிமிடம், டின் ரெயிலில், கன்ட்ரோலருக்குச் சம்பந்தமில்லாத சப்ளையில். புளோயர் கான்டாக்டரின் 13-14 என்.ஓ. வழியாகத்தான் மூன்று ஹீட்டர் காயிலுக்கும் லைன். புளோயர் ஓவர்லோடு ரிலேயின் 95-96 அதன் காயில் லைனிலேயே. புளோயர் டிரிப் ஆனால் ஹீட்டர் தானாக விழும், என் ப்ரோகிராமைக் கேட்காது.

போகிற போக்கில் ஒன்று. கான்டாக்டரில் 13-14 என்றால் ஆக்ஸிலரி கான்டாக்ட். எம்.ஒய். ரிலேயின் பதினாலு பின் சாக்கெட்டில் 13-14 என்றால் காயில். இரண்டும் ஒரே பேனலில், ஒரு சாண் தூரத்தில். ஒருநாள் அசந்த கை எதில் கட்டியது என்று கேட்காதீர்கள். ஃபெருலில் நம்பர் மட்டும் போடாமல் எந்தப் பொருளின் நம்பர் என்றும் போட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

கடைசியாக ஒட்டிப்போகும் விவகாரம். கான்டாக்ட் வெல்ட் ஆகிவிட்டால் காயிலில் கரன்ட் இல்லாவிட்டாலும் ஹீட்டர் எரியும். கன்ட்ரோலர், ரிலே, யூஎல்என் எல்லாம் ஆஃப் என்று சத்தியம் செய்யும். அதனால் ஒவ்வொரு ஹீட்டர் கான்டாக்டரின் 21-22 என்.சி.யிலிருந்தும் 24 வோல்ட்டை ஒரு ஆப்டோகப்ளர் வழியாக இஎஸ்பி-க்குத் திரும்பக் கொண்டுவந்தேன். நல்ல கான்டாக்டர்களில் மெயின் கான்டாக்டில் ஒன்று ஒட்டியிருந்தால் இந்த என்.சி. மூடாது, 'மிரர் கான்டாக்ட்' என்று கேட்டலாக்கில் போட்டிருப்பார்கள், பார்த்து வாங்கவேண்டும். விடச் சொல்லி அரை விநாடிக்குள் 21-22 திரும்பி வராவிட்டால் ஹூட்டர். அதற்கும் மேலே, கன்ட்ரோலரைத் தொடாமல் தனியாக ஒரு கேபிலரி தெர்மோஸ்டாட். சூடு எல்லை தாண்டினால் ஹீட்டர் லைனின் எம்.சி.சி.பி.யை ஷன்ட் டிரிப் காயிலால் தட்டிவிடும். காயில் லைனைத் துண்டித்து ஒட்டிப்போன கான்டாக்டரை ஒன்றும் செய்யமுடியாது என்பதால் மேலேயே போகவேண்டியிருந்தது. இந்த இடத்தில் செலவு கூடுது என்று ஓனர் முனகினார். கொப்பரை எண்ணெய்ச் சரக்கு, தீப்பிடித்தால் தண்ணி ஊற்றி நிற்காது என்று அண்ணன் ஒரே வார்த்தை சொன்னார், முடிந்தது.

ஐப்பசி முதல் மழைக்கு ரெண்டு நாள் முன்னால் ஒப்படைத்தோம். மறுபடி எல்லாவற்றையும் ஓடவிட்டு, இந்த முறை அண்ணனே பிளேட்டின் கனெக்டரைப் பிடுங்கினார். டக், டக், டக். கூடவே எக்ஸாஸ்ட் ரிலேயின் மெல்லிய டிக்.

"நாலு" என்றார்.

புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. ஓனரின் பையன் ஏதோ கேட்க வாயெடுத்தான், அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். டீ வந்தது. நான் மணி பார்த்தேன், ரெண்டு நிமிஷம். அண்ணன் டம்ளரை வைத்துவிட்டுப் பேனல் கதவில் காதை வைக்காத குறையாக நின்றார். டக். புளோயர் இரைச்சல் இறங்கி, இறங்கி, ஷெட் ஓட்டில் அணில் ஓடும் சத்தம் கேட்கும் அளவுக்கு ஆனது.

"அஞ்சு" என்று சொல்லி, கதவைச் சாத்திச் சாவியை என்னிடம் கொடுத்தார்.